பழைய மோட்டார் படகு: இரண்டில் எது?

மட்டாஞ்சேரிப் பக்கம் காயலில் ஓட்ட இரண்டு பழைய ஃபைபர் படகுகள் விலைக்கு வந்தால், பெயின்ட் பளபளப்பை நம்பாதீர்கள். முதலில் எஞ்சின் மாட்டியிருக்கும் பின்பலகை. எஞ்சினின் அடிக்காலைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் பலகையும் கூடவே அசைகிறதா? உள்ளே மரம் இற்றுப்போயிருக்கும். அந்தப் படகை விட்டுவிடுங்கள். அடிப்பகுதியை ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தட்டிக்கொண்டே வாருங்கள். 'டங்' என்ற சத்தம் 'பொத்' என்று மாறும் இடத்தில் ஃபைபர் அடுக்கு பிரிந்திருக்கலாம்.

நீங்கள் போய்ச் சேரும்வரை எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். சூடான எஞ்சின் குறையைக் காட்டாது. ஓடும்போது பக்கத்துளையிலிருந்து தண்ணீர் பீச்சி அடிக்க வேண்டும். கோடையில் இந்தக் காயல் உப்புக் கரிப்பதால் அடைப்பு சகஜம். கியர் ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது.

ஒன்றில் உடல் நன்று, மற்றதில் எஞ்சின் நன்று என்றால் உடல் நன்றாக உள்ளதையே எடுங்கள். எஞ்சினை மாற்றிக்கொள்ளலாம்.

மீன்பிடி படகை மாற்றிக் கட்டியது மட்டும் எந்த விலைக்கும் வேண்டாம். 2023 மே 7 அன்று தானூரில் அளவுக்கு மீறி ஆளேற்றிக் கவிழ்ந்து 22 உயிர்களைப் பறித்தது அப்படிப்பட்ட படகுதான். கேரள கடல்சார் வாரியத்தின் பதிவுச் சான்றைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.