எதிர்க்காற்றில் கிளம்புங்கள்: தென்காசி, குற்றாலம் பக்கம் ஓட வழிகள்

ஆனி மாதத்தில் ஒருநாள், விடிவதற்குச் சற்று முன்னால் தென்காசி காசி விசுவநாதர் கோயில் வாசலில் போய் நின்று பாருங்கள். கோபுர வாசலுக்குள் காற்று ஊளையிட்டுக்கொண்டிருக்கும். பாதி வாசல்வரை ஆளை எதிர்த்துத் தள்ளும், பாதி தாண்டிவிட்டால் திசை மாறிப் பின்னாலிருந்து பிடித்துத் தள்ளும் என்று ஊரில் சொல்வார்கள். செங்கோட்டைக்கு மேற்கே மலைத்தொடர் சற்றுத் தாழ்ந்து வழிவிடும் ஆரியங்காவுக் கணவாய் வழியாக, தென்மேற்குப் பருவக்காற்று இந்த மண்ணுக்குள் நுழைகிறது. இங்கே ஓட வருகிறவர்கள் முதலில் பழகிக்கொள்ள வேண்டியது இந்தக் காற்றோடுதான்.

வழியைத் தேர்ந்தெடுக்க எல்லோரும் முதலில் கேட்பது, எது அழகு என்பதை. இந்தச் சீமையில் அழகில்லாத வழி என்று ஒன்றை நான் பார்த்ததில்லை. அதனால் வேறு மூன்றைக் கேளுங்கள் என்பேன்: காற்று எந்தப் பக்கம், அருவிகளில் தண்ணீர் விழும் சீசன் உண்டா, இன்று என்ன கிழமை. இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் வழி தானாகத் தெரிந்துவிடும்.

காடும் ஆறும் கோட்டையும் ஒரே ஓட்டத்தில் வேண்டும் என்றால் பிரான்சின் லுவார் பள்ளத்தாக்கைச் சொல்வார்கள். அங்கே ஷம்போர் அரண்மனைக் காட்டைச் சுற்றியிருக்கும் மதில் மட்டுமே ஏறத்தாழ 32 கிலோமீட்டர். அதே நாட்டின் மெடோக் பகுதியில் 1985 முதல் திராட்சைத் தோட்டங்களுக்கும் மாளிகைகளுக்கும் நடுவே மாரத்தான் நடக்கிறது. தூரத்தில் தெரியும் கோட்டைக் கூரையைக் குறிவைத்து ஓடுவது அங்கே வழக்கம் என்றால், நமக்கு அந்த இடத்தில் காசி விசுவநாதர் கோயில் கோபுரம் இருக்கிறது. 15-ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எழுப்பிய கோயில் இது. நெடுங்காலம் சிதைந்து கிடந்த ராஜகோபுரம் மீண்டும் ஒன்பது நிலையாக எழுந்து 1990-ல் குடமுழுக்குக் கண்டது. வயல்வெளியிலிருந்து வீடு திரும்பும்போது ஊருக்கு முன்னால் அதுதான் கண்ணில் படும். இன்னும் எவ்வளவு தூரம் என்று கைப்பேசியைப் பார்க்க வேண்டியதில்லை.

முதல் கேள்வி, தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு எந்த வழியில் ஓடுவது. நேர்வழி மேலகரம் சாலை, ஏறத்தாழ 5 கிலோமீட்டர். குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர் வழியாகப் போகிறோம் என்ற நினைப்பே ஒரு சுகம். ஆனால் சீசனில் இந்தச் சாலையில் வேனும் பேருந்தும் விடியும் முன்பே வரிசைகட்டும். ஓரத்தில் ஓட இடம் இருக்காது. சீசன் முடிந்த மாதங்களில், அவசரமாக ஒரு பத்து கிலோமீட்டர் முடிக்க வேண்டிய நாளில் மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பிடித்தது இலஞ்சி வழி. இரண்டு கிலோமீட்டர் கூடும், ஆனால் கால் அதை உணராது. ஊரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் வயல். நேர் எதிரே திரிகூடமலை. சாரல் நாளில் மலையின் இடுப்புக்கு மேலே ஒன்றும் தெரியாது. வெயில் எட்டிப் பார்க்கும் ஐந்து நிமிடத்தில் குற்றாலப் பேரருவி வெள்ளைக் கோடாகத் தெரிந்து மறையும். இலஞ்சிக் குமாரர் கோயிலருகே ஒரு நிமிடம் நின்று மூச்சு வாங்கிக்கொள்ளலாம். அங்கிருந்து குற்றாலம்வரை சாலை மெல்ல ஏறுகிறது. அந்த ஏற்றம் கண்ணுக்குத் தெரியாது, கெண்டைக்கால்தான் சொல்லும். போகும்போது முகத்தில் காற்று, திரும்பும்போது முதுகில் காற்று. களைத்த கால்களை அந்தப் பின்காற்று தள்ளிக்கொண்டு வந்து வீட்டில் சேர்க்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஒரு நாளும் இதை மாற்றிச் செய்யாதீர்கள். பின்காற்றில் கிளம்புகிறவர் முதல் பாதியில் தன் வேகத்தைத் தப்பாகக் கணக்கிட்டுவிட்டு, இரண்டாம் பாதியில் அதற்கு விலை கொடுப்பார்.

குற்றாலத்தைத் தொட்டுத் திரும்ப மனமில்லாதவர்கள் ஐந்தருவிக்குத் தொடரலாம். பேரருவியிலிருந்து இன்னும் ஐந்து கிலோமீட்டருக்குள்தான். மரநிழல் அதிகமுள்ள வழி இதுவே. மலையடிவாரத்தை ஒட்டிப் போகும், தோட்டக்கலைத் துறையின் சுற்றுச்சூழல் பூங்காவும் வெண்ணமடைக் குளமும் இந்தப் பக்கம்தான். செவ்வாய், புதன் காலையில் ஓடினால் அருவி இரைச்சலும் உங்கள் காலடியும் மட்டுமே காதில் விழும். சனி, ஞாயிறு என்றால் இந்த வழியை மறந்துவிடுங்கள். சீசனில் ஐந்தருவிச் சாலை சனிக்கிழமை காலையில் சாலையாகவே இருக்காது, வாகனம் நிறுத்தும் இடமாகிவிடும்.

இங்கே மூன்று எச்சரிக்கை. அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு தேய்த்துக் குளிக்கத் தடை இருக்கிறது, ஆனாலும் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் இருக்கும் ஊர் இது. அருவியை ஒட்டிய வழுக்கும் கல்தரையில் ஓடாமல் நடந்து போங்கள். கையில் வாழைப்பழமோ பையோ தொங்கினால் குரங்கு விடாது. மூன்றாவது, ஓடிய சூட்டோடு அருவியின் கீழே தலையைக் கொடுக்காதீர்கள். கால்மணி நேரம் நடந்து மூச்சு தணிந்த பிறகு குளித்தால், அந்தக் குளியலுக்காகவே மறுநாளும் ஓடத் தோன்றும்.

பழைய குற்றாலத்துக்குக் காசிமேஜர்புரம், ஆயிரப்பேரி பக்கமாக ஓடலாம். குற்றாலத்திலிருந்து ஏறத்தாழ 8 கிலோமீட்டர். தோப்புகளும் வயல்களுமாக அமைதியான வழி, நீண்ட ஓட்டத்துக்கு ஏற்றது. ஆனால் மலையில் மேகம் கறுத்திருந்தால் அருவிவரை போகாமல் திரும்பிவிடுங்கள். 2024 மே மாதம் அங்கே திடீரென்று பாய்ந்த வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டுபோனது. கீழே வெயில் அடிக்கும்போதே மேலே மழை கொட்டும் மலை இது. ஓட்டத்துக்கு முன்னால் தென்காசி யானைப்பாலத்தில் நின்று சிற்றாற்றைப் பார்ப்பது என் வழக்கம். தண்ணீர் கலங்கி ஓடினால் அன்று அருவிப் பக்கம் போவதில்லை.

காட்டுக்குள்ளேயே ஓட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் பேரருவிக்கு மேலே செண்பகாதேவிக்குப் போகும் பாதையைப் பற்றிக் கேட்பார்கள். அதை உங்கள் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். வனத்துறை அனுமதியில்லாமல் அங்கே போகக் கூடாது. இந்த மலைக்காடுகள் 2015-ல் நெல்லை வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டவை. காட்டின் ஓரத்தில் ஓடிக் காட்டின் மூச்சை வாங்கிக்கொள்வதோடு நாம் நிற்க வேண்டும்.

அப்படிக் காட்டோரம் ஓட, இந்த மாவட்டத்திலேயே முதலிடம் பண்பொழி–மேக்கரை வழிக்குத்தான். யார் மறுத்தாலும் நான் இதில் மாறப்போவதில்லை. குற்றாலக் கூட்டம் இங்கே எட்டிப் பார்ப்பதில்லை. பண்பொழியிலிருந்து மேற்கே போகப் போக மலை இரண்டு கையையும் விரித்து நம்மை உள்ளே இழுத்துக்கொள்கிறது. தென்னந்தோப்பு, மாந்தோப்பு, இடையிடையே நெல்வயல், மலையிலிருந்து இறங்கிவரும் அனுமன் நதி. வழி முடியும் இடத்தில் அடவிநயினார் அணை. அதன் முழுக் கொள்ளளவு உயரம் 132 அடி. மாவட்டத்தின் அணைகளில் இதுவே உயரமானது. போக ஐந்தாறு கிலோமீட்டர், திரும்ப அதே அளவு. போகும்போது எதிர்க்காற்று என்பதும் சரியாக அமைந்துவிடுகிறது.

மலை ஏறிப் பழக நினைக்கிறவர்களுக்குப் பண்பொழி திருமலைக் கோயில் இருக்கிறது. சிறு குன்றின் உச்சியில் முருகன். படிவழியும் உண்டு, வாகனம் போகும் சாலையும் உண்டு. படிகள் பக்தர்களின் வழி, அங்கே ஷூவோடு ஓடுவது முறையல்ல. வளைந்து ஏறும் சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். முதல்முறை பாதிக்கு மேல் நடக்க வேண்டிவரும், அதில் தப்பே இல்லை. மேலே போனால் ஒருபக்கம் மலைச்சுவர், மறுபக்கம் கண்ணுக்கெட்டிய தூரம்வரை குளங்களும் வயல்களும். மழை பெய்த மறுநாள் அத்தனை குளங்களிலும் வானம் கிடக்கும்.

ஆனால் மேக்கரைக்கு ஒரு கண்டிப்பு உண்டு. மற்ற காலை ஓட்டங்களுக்கெல்லாம் இருட்டோடு கிளம்பச் சொன்னால், இதற்கு நன்றாக விடிந்த பிறகே கிளம்பச் சொல்வேன். மேக்கரை, வடகரைத் தோப்புகளுக்கு யானைகள் இறங்கி வருவது அடிக்கடி நடக்கிறது. காலையில் தோட்டத்துக்குப் போகும் விவசாயிகளைக் கண்டால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மேலே போங்கள். "ராத்திரி வந்துச்சு, அந்தப் பக்கம் போகாதீங்க" என்றால் மறுபேச்சு வேண்டாம். காதில் பாட்டு மாட்டிக்கொண்டு ஓடவே கூடாது. தனியாகவும் வேண்டாம், பெண்களானாலும் ஆண்களானாலும் இரண்டு பேராவது சேர்ந்து போங்கள்.

செங்கோட்டையில் தங்கியிருப்பவர்களுக்குக் குண்டாறு அணை பக்கம். 36 அடிச் சின்ன அணை. பருவமழை தொடங்கியதும் மாவட்டத்தில் முதலில் நிரம்பி வழிவது பெரும்பாலும் இதுதான். குறுகிய ஓட்டத்துக்குப் போதும்.

கிழக்கே சுந்தரபாண்டியபுரம் வேறு உலகம். மலையை விட்டு விலகிச் சமவெளிக்கு வந்துவிடுகிறோம். ஏற்ற இறக்கம் இல்லாததால் புதிதாக ஓடத் தொடங்குகிறவர்களுக்கும் முட்டிவலிக்காரர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். 'ரோஜா' படம் எடுத்த ஊர். 'அந்நியன்' பாட்டுக்காக நடிகர்களின் முகம் வரைந்த பாறைகளும் இந்தப் பக்கம்தான். ஜூலை, ஆகஸ்டில் சூரியகாந்தி பூத்தால் அதைப் பார்க்கவே கேரளத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். படம் எடுக்கிறோம் என்று வயலுக்குள் இறங்கிச் செடியை மிதிக்காதீர்கள், அது ஒருவருடைய மாதக்கணக்கான உழைப்பு. இந்த வழிக்கு மட்டும் காற்றுக் கணக்கு தலைகீழாகும். தென்காசியிலிருந்து போகும்போது பின்காற்று, திரும்பும்போது எதிர்க்காற்று. காலையில் போனால் வெயிலும் நேராகக் கண்ணில் விழும். அதனால் மாலையில் போங்கள். பேருந்தில் போய் இறங்கி, அங்கிருந்து தென்காசியை நோக்கி மெதுவாக ஓடி வாருங்கள். எதிர்க்காற்று வியர்வையை ஆற்றும், மலைக்குப் பின்னால் சூரியன் சீக்கிரமே இறங்கிவிடும், எதிரே நீலமாக மலைத்தொடர் முழுவதும் விரிந்திருக்கும்.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது, அதுவும் சீசனில் என்றால் இலஞ்சி வழி குற்றாலம். இரண்டு நாள் என்றால் இரண்டாவது நாள் மேக்கரை. பங்குனி, சித்திரை வெயிலில் வருகிறவர்கள் அருவியை எதிர்பார்க்க வேண்டாம். ஐந்தருவி நிழலின் அருமை அப்போதுதான் தெரியும். ஐப்பசி, கார்த்திகை வடகிழக்குப் பருவமழையில் அருவிப் பக்கத்தை விட்டுவிட்டு ஊர்ச்சாலைகளிலேயே ஓடுங்கள்.

ஓடி முடித்து பிரானூர் பார்டரில் பரோட்டா சாப்பிட ஆசை வரும். காலை ஓட்டத்துக்கு அது சரிப்படாது, மாலை ஓட்டத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். காலையில் சாலையோரக் கடையில் சுடச்சுட நாலு இட்லியும் சுக்குக் காபியும் போதும். சாரலில் ஷூ நனைந்துதான் தீரும், இங்கே இரண்டாவது ஜோடி இல்லாமல் வரக் கூடாது. அதுவும் இல்லையென்றால் விடுதிக்கு வந்ததும் ஷூவுக்குள் இருக்கும் மெத்தையை உருவி எடுங்கள். பழைய செய்தித்தாளைக் கசக்கி ஷூவுக்குள் இறுகத் திணித்து மின்விசிறியின் கீழே சாய்த்து வையுங்கள். ராத்திரி படுக்கும் முன் தாளை ஒருமுறை மாற்றினால், காலைக்குள் போட்டுக்கொள்ளும் அளவுக்குக் காய்ந்திருக்கும்.