பசுங்கணிக டி.என்.ஏ.வுக்குத் தொடக்கப்புள்ளி கட்டாயமா?

நம்பிக்கை: பசுங்கணிகத்தின் டி.என்.ஏ. ஒரு வட்டம். குறிப்பிட்ட இரண்டு இடங்களில் மட்டுமே அதன் இரட்டிப்பாதல் தொடங்கும்; அவை போனால் நகலெடுப்பு நின்றுவிடும்.

உண்மை: அந்த இடங்களில் நகலெடுப்பு தொடங்குவது மெய்தான். ஆனால் அவற்றை நீக்கினாலும் அது நிற்பதில்லை.

அந்த நம்பிக்கை காற்றில் பிறந்ததல்ல. 1975இல் கோலோட்னரும் திவாரியும் பட்டாணி, மக்காச்சோளம் ஆகியவற்றின் பசுங்கணிக டி.என்.ஏ.வை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராய்ந்தார்கள். வட்ட மூலக்கூறுகளில் சிறு கொப்புளங்கள் தெரிந்தன: ஒரு பக்கம் தடித்த இரட்டை இழை, மறுபக்கம் மெல்லிய ஒற்றை இழை. புதிய இழை வளரும்போது பழைய இழையை வெளியே தள்ளியதன் தடயம் அது, பெயர் டி-லூப். இரண்டு டி-லூப்கள் ஒன்றையொன்று நோக்கி வளர்கின்றன, பிறகு நகலெடுப்பு உருளும் வளைய முறைக்கு மாறுகிறது என்பது அவர்கள் முன்வைத்த மாதிரி. 1997இல் புகையிலையிலும் ஓரி-ஏ, ஓரி-பி என ஒரு தொடக்க இணை அடையாளம் காணப்பட, மாதிரி உறுதிப்பட்டதாகவே தோன்றியது.

ஓர் இடம் இன்றியமையாததா என்று அறிய நேரான வழி, அதை நீக்கிப் பார்ப்பதுதான். புகையிலையில் அதைச் செய்தார்கள். ஓரி-ஏயின் இரு பிரதிகளையும் நீக்கிய பிறகும் நகலெடுப்பு தொடர்ந்ததாக 2002இல் செய்தி வந்தது. ஓரி-பி ஏறக்குறைய முழுவதும் நீக்கப்பட்ட செடிகளை 2007இல் உருவாக்கினார்கள். அவற்றிலும் நகலெடுப்பு நடந்தது. வேறெங்கோ மறைந்திருக்கும் தொடக்க இடங்கள் கைகொடுத்திருக்கலாமே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் அதை ஏற்றாலும், அந்த இரண்டு இடங்களில் மட்டுமே தொடக்கம் என்ற கூற்று அங்கேயே விழுந்துவிடுகிறது.

அப்படியானால் வேறு எப்படித் தொடங்கும்? மறுகூட்டிணைவு வழியாக என்பது வலுவான விடை. அறுபட்ட ஒரு டி.என்.ஏ. முனை, தன்னைப் போன்ற வரிசையுள்ள இன்னொரு மூலக்கூறுக்குள் நுழைகிறது. அந்த முனையிலிருந்தே புதிய இழை நீள்கிறது. டி4 என்ற பாக்டீரியா வைரஸ் இவ்வாறு பெருகுவது தெரிந்த செய்தி. பசுங்கணிகத்திலும் மறுகூட்டிணைவு சுறுசுறுப்பாக நடக்கிறது: ஓரி இடங்களை நீக்கிய சோதனைகளே அதை நம்பித்தான் செய்யப்பட்டன. மக்காச்சோளத்தின் பசுங்கணிக டி.என்.ஏ.வில் பெரும்பகுதி நேர்கோடாகவும் கிளைவிட்டும் இருப்பதை 2004இல் ஓல்டன்பர்க்கும் பெண்டிச்சும் காட்டினார்கள். கிளைகள், இந்த வழியில் நகலெடுப்பு நடந்தால் எதிர்பார்க்கக்கூடியவையே.

மரபணு வரைபடங்கள் எல்லாம் வட்டமாகத்தானே இருக்கின்றன என்பது அடுத்த மறுப்பு. 'ஸ்ரீராமஜெயம்' என்று இடைவெளியின்றித் தொடர்ந்து எழுதிய நீண்ட தாளைத் துண்டாக்கினால், 'ஜெயம்' முடிந்து 'ஸ்ரீ' தொடங்கும் துண்டும் கிடைக்கும். வட்டமாக எழுதிய தாளிலும் அதே துண்டு கிடைக்கும். வரிசைப்படுத்தும் முறையும் துண்டுகளையே படிப்பதால், வரைபடத்தின் வட்டம் மூலக்கூறின் வடிவத்துக்குச் சான்றாகாது.

1975இல் கண்ட டி-லூப்களை யாரும் பொய்யென்று சொல்லவில்லை. மிகையானது, கண்டதிலிருந்து எடுத்த முடிவு. ஓரிடத்தில் தொடக்கத்தைப் பார்த்தது, அங்கே தொடங்க முடியும் என்பதற்குச் சான்று. அங்கே மட்டும்தான் தொடங்க முடியும் என்பதற்குத் தனிச் சோதனை வேண்டும். புகையிலை அந்தச் சோதனையில் எதிரான விடையைத் தந்துவிட்டது.