கடல் கடந்த உழைப்பும் அமானிதக் கடமையும்

முன்னுரை

காவிரிப் படுகையின் செல்வம் நெல் ஒன்று மட்டுமன்று. கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை, அய்யம்பேட்டை, நாகூர் முதலிய ஊர்களில் எழுந்த வீடுகள் பல பர்மாவிலும் மலேயாவிலும், பின்னர் வளைகுடா நாடுகளிலும் ஈட்டிய பொருளால் அமைந்தவை. சம்பா பொய்த்தாலும் வயல் எஞ்சி நிற்கும். அயல்நாட்டில் ஆட்சி மாறினாலோ போர் மூண்டாலோ, பல்லாண்டு உழைப்பின் பயன் ஒரே நாளில் கைநழுவக்கூடும். அப்பொருளைக் காக்கும் பொறுப்பு யாருக்குரியது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பர்மா தந்த பாடம்

1964ஆம் ஆண்டில் பர்மா அரசு கடைகளை நாட்டுடைமையாக்கியது. அவ்வாண்டு மே மாதத்தில் 50, 100 கியாத் தாள்கள் செல்லாவென அறிவித்தது. கடையும் கையிருப்பும் இழந்த தமிழர் பெருந்திரளாகக் கப்பலேறிச் சென்னை வந்தனர். இங்கு அவர்களுக்கு மறுவாழ்வு உதவி கிட்டியது. ஆயினும் உதவி வேறு. இழந்ததற்கு ஈடு வேறு. முன்னது பரிவு, பின்னது உரிமை.

குவைத் காட்டிய வழி

1990 ஆகஸ்டு 2ஆம் நாள் ஈராக் குவைத்தைக் கைப்பற்றியபோது, ஆங்கிருந்த இந்தியர் ஏறத்தாழ 1,70,000 பேர். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அம்மான் நகர் வழியாக விமானங்களில் தாயகம் சேர்ந்தனர். ஊதியப் பாக்கியும் வங்கிச் சேமிப்பும் வீட்டுப் பொருள்களும் அங்கேயே தங்கின.

1991இல் ஐ.நா. பாதுகாப்பு அவை, இழப்புகளுக்கு ஈராக்கே பொறுப்பென முடிவு செய்து, ஜெனீவாவில் இழப்பீட்டு ஆணையத்தை அமைத்தது. ஈராக்கின் எண்ணெய் வருவாயில் ஒரு பங்கு இதற்கென ஒதுக்கப்பட்டது. பெருநிறுவனங்களுக்கும் அரசுகளுக்கும் முன்னதாகத் தனிமனிதரின் கோரிக்கைகளுக்கு முதலிடம் தரப்பட்டமை போற்றத்தக்கது. நாட்டைவிட்டு வெளியேறியமையை மெய்ப்பித்த தனியாளுக்கு 2,500 டாலரும் குடும்பத்துக்கு 5,000 டாலரும் வரையறுக்கப்பட்டன. வேறு கோரிக்கை எழுப்புவதில்லை என உறுதியளித்தோர்க்கு இத்தொகை முறையே 4,000, 8,000 டாலராக உயர்ந்தது. 2022 ஜனவரியில் இறுதித் தவணை முடிந்தபோது, அனைத்து வகையிலும் வழங்கப்பட்ட தொகை ஏறத்தாழ 5,240 கோடி டாலராகும்.

இருவர் கடமை

இந்நிகழ்ச்சியில் இரண்டு உண்மைகள் கருதத்தக்கன. முதலாவது, தொழிலாளி தாமே ஆணையத்தை அணுக இயலாது. அவர்தம் அரசே கோரிக்கையைத் தொகுத்து அனுப்ப வேண்டியிருந்தது. அரசு அயர்ந்தால் குடிமகனின் உரிமையும் அயர்ந்துவிடும். இரண்டாவது, வரையறுத்த தொகைக்கு மேலாக ஊதியத்தையும் சேமிப்பையும் கோருவோர் சான்று காட்ட வேண்டியிருந்தது. எழுத்து வடிவ ஒப்பந்தமோ ஊதியச் சீட்டோ இல்லாத வீட்டுப் பணியாளர் எதனைக் காட்டுவார்? ஆகவே, ஒப்பந்தப் படியைத் தொழிலாளியிடம் அளிப்பதும் ஊதியத்தை வங்கி வழியே செலுத்துவதும் முதலாளியின் கடமைகளாகும். ஐக்கிய அரபு அமீரகம் 2009இல் கொண்டுவந்த ஊதியப் பாதுகாப்பு முறை இவ்வழியில் ஒரு முன்னேற்றம்.

குவைத் துயரம் நிகழ்ந்த அதே 1990 டிசம்பரில், புலம்பெயர் தொழிலாளர் உரிமை குறித்த ஐ.நா. உடன்படிக்கை ஏற்கப்பட்டது. உடைமையை நியாயமின்றிப் பறிக்கலாகாது. நாடு திரும்புகையில் ஈட்டியதை எடுத்துச்செல்லும் உரிமை உண்டு. வெளியேற்றப்பட்டவரும் ஊதியப் பாக்கியைக் கோரலாம் என அது வகுக்கின்றது. எனினும் இந்தியாவும் வளைகுடா நாடுகளும் இதில் இணையவில்லை. 2020இல் கொரோனா காலத்தில் நிலுவை பெறாமலே திரும்பியோரின் நிலை, இக்குறையை மீண்டும் உணர்த்தியது.

முடிவுரை

அமானிதங்களை உரியவரிடம் ஒப்படைக்குமாறு திருக்குர்ஆன் (4:58) பணிக்கின்றது. உழைத்தவரின் கூலியைத் தாமதமின்றித் தருமாறு நபிகள் நாயகம் (ஸல்) அறிவுறுத்தினார்கள். தொழிலாளியின் ஊதியம் முதலாளியிடமும், அவர்தம் உரிமை அரசிடமும் உள்ள அமானிதங்களே. கடல் கடப்போரின் ஒப்பந்தத்தைப் படித்துப் பொருளுரைப்பதும், அதன் படியொன்றை ஊரிலே காத்துவைப்பதும் கற்ற மாணவர் செய்யத்தக்க பணியாகும். அடுத்த இடர் வருமுன் இதனைச் செய்வோமாக!