எருக்கு தின்னும் புழு

அன்பு மக்கா,

“எருக்கைத் தின்னுத் தின்னு புழுவுக்கு விஷம் பழகிப்போச்சு” என்று எழுதியிருக்கிறாய். இந்தப் ‘பழகிப்போச்சு’ கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். முட்டையிலிருந்து வரும் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழு முதலில் முட்டைத்தோட்டைத் தின்கிறது. அடுத்த இரையே எருக்கிலைதான். பழகுவதற்கு நேரம் ஏது?

எருக்கிலுள்ள விஷமான கார்டினோலைடு, உயிரணுவின் சோடியம்-பொட்டாசியம் பம்பில் ஒட்டிக்கொண்டு அதை முடக்கும். இதயத் துடிப்பு தாறுமாறாகும். வெந்தய வரியனின் அமெரிக்க உறவான மோனார்க்கில் அந்தப் பம்புப் புரதத்தின் 122ஆம் இடத்து அமினோ அமிலம் மாறியிருப்பதால் விஷத்துக்குப் பிடி கிடைப்பதில்லை. பழ ஈயின் பம்பிலும் 111, 119, 122 என மூன்று இடங்களை ஆய்வாளர்கள் மாற்றிப் பார்த்தார்கள், 2019இல். ஈயும் விஷத்தைத் தாங்கியது. மோனார்க்கிலோ இந்த மாற்றம் தலைமுறை தலைமுறையாக நடந்த தேர்வு.

மோனார்க்கின் உடம்பில் இந்த இதய விஷம் இருப்பதை 1968இல் வேதியியலாளர் ரைக்ஸ்டைனுடன் சேர்ந்து காட்டியவர் மிரியம் ராத்ஸ்சைல்ட். பிளேக் பரப்பும் தெள்ளுப்பூச்சிக்குப் பெயரிட்டவரின் மகள்.

இனி அரளிக்கு வா. பம்பு மாறாமலும் விஷத்தைத் தின்னலாம் என்பதற்கு எனக்குப் பிடித்த சாட்சி அங்கேதான் இருக்கிறது. வெண்புள்ளிக் கருப்பன் என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு அரளியைத் தின்கிறது. விஷம் அதே இனம், பம்போ மாறவேயில்லை! விஷம் குடலைத் தாண்டி உடம்புக்குள் போகாமல் பார்த்துக்கொள்கிறது, அவ்வளவுதான். தின்பதற்குப் பம்பு மாற வேண்டியதில்லை, விஷத்தைச் சேமித்து வைப்பதற்குத்தான் மாற வேண்டும் என்று ஆய்வாளர்கள் பெட்ஷென்காவும் அனுராக் அகர்வாலும் 2015இல் எழுதினார்கள். பம்பைப் பற்றி மட்டும் படித்துவிட்டு எல்லாம் தெரிந்ததாகப் பேசுபவர்கள் இந்தக் கருப்பனைக் கண்டுகொள்வதே இல்லை.

விஷம் மட்டுமல்ல, எருக்கின் பாலையும் புழு சமாளிக்க வேண்டுமே! வாயில் ஒட்டினால் புழுவால் தின்ன முடியாது. வெந்தய வரியன் புழு இலை நரம்பைக் கடித்துவிடும். பால் அங்கேயே ஒழுகிப்போகும். வெட்டுக்கு அப்பால் உள்ள பகுதியைத் தின்னும். குலசேகரத்து ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி பாலுக்காக வெட்டுகிறார். இது பால் வேண்டாமென்று வெட்டுகிறது.

ஞாயிற்றுக்கிழமை குளக்கரை எருக்கையும் முற்றத்து அரளியையும் பார். புழுவுக்கு மூன்று ஜோடிக் கொம்பிருந்தால் வெந்தய வரியன், நான்கு ஜோடி என்றால் கருப்பன். எருக்கம்பால் கையில் பட்டால் உடனே கழுவு. கண்ணில் படவே கூடாது. பார்த்ததை எழுது. ‘பழகிப்போச்சு’ மட்டும் வேண்டாம்.

அன்புடன்,
மாமா