விதையும் விளைநிலமும்

நுழையும்முன்

காய்ச்சல் கண்டவரிடம் மருந்து உண்டீர்களா என்று கேட்கும் சமூகம், மனம் நோயுற்றவரிடம் என்ன பாவம் செய்தீர்கள் என்று கேட்கிறது. முன்வினை, செய்வினை, வளர்ப்புக் குறை, மனவுறுதியின்மை எனப் பழிகள் பல சுமத்தப்படுகின்றன. மனநலத்தை உருவாக்கும் உண்மைக் காரணிகளை அறிவியல்வழி விளக்குகிறது இப்பாடம்.

புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பாகூர் போற்றப்படுகிறது. ஏரிநீரை நம்பி நெல் விளைவிக்கும் அவ்வூர் உழவர்கள் ஓர் உண்மையை நன்கறிவர். ஒரே விதைநெல்லை இரு வயல்களில் விதைத்தாலும் விளைச்சல் ஒன்றாக இருப்பதில்லை. விதையின் இயல்பு, மண்ணின் வளம், பருவத்தின் போக்கு ஆகிய மூன்றும் கூடியே விளைச்சலை முடிவு செய்கின்றன. மனநலமும் அத்தகையதே. மரபணு விதை எனில், மூளை விளைநிலம். வாழ்க்கைச் சூழல் பருவம். இவற்றுள் ஒன்றை மட்டும் குற்றவாளியாக்குவது பொருந்தாது.

மரபணு: சாய்வேயன்றித் தீர்ப்பன்று

இல்லாத குரல் கேட்பது, காரணமின்றிப் பிறரை ஐயுறுவது முதலிய அறிகுறிகளை உடையது மனச்சிதைவு நோய். பொதுமக்களுள் நூற்றுவரில் ஏறத்தாழ ஒருவருக்கு இது வருகிறது. தாய் அல்லது தந்தைக்கு இந்நோய் இருப்பின், பிள்ளைக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழப் பத்தில் ஒன்றாக உயர்கிறது. மரபணுவின் பங்கை இது தெளிவாகக் காட்டுகிறது. ஆயினும், அப்பிள்ளைகளுள் பத்தில் ஒன்பது பேர் இந்நோய்க்கு ஆளாவதில்லை என்பதும் இதே கணக்கின் மறுபக்கமாகும். ஒரே மரபணுத் தொகுதியைக் கொண்ட ஒருகரு இரட்டையருள் ஒருவருக்கு இந்நோய் வந்தால், மற்றவருக்கும் வருவது ஏறத்தாழப் பாதி அளவிலோ அதற்குக் குறைவாகவோதான் காணப்படுகிறது.

2014ஆம் ஆண்டு வெளியான பன்னாட்டு ஆய்வொன்று, மனச்சிதைவோடு தொடர்புடைய 108 மரபணு இடங்களை இனங்கண்டது. அவை ஒவ்வொன்றின் தாக்கமும் மிகச் சிறியது. ஆகவே, நோயைத் தனியே விளைவிக்கும் ஒற்றை மரபணு என ஒன்றைச் சுட்ட இயலாது. குடும்பத்தில் ஒருவருக்கு நோய் இருந்ததைக் காட்டித் திருமண உறவையே மறுப்பதும், அம்மறுப்புக்கு அஞ்சிக் குடும்பத்தார் நோயை மறைத்துச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவதும் இவ்வுண்மையை அறியாமையால் நேர்வன.

மன அழுத்தமும் உடலும்

அச்சமோ நெருக்கடியோ நேரும்போது மூளையின் ஹைபோதலாமஸ், பிட்யூட்டரி சுரப்பிக்குச் செய்தி அனுப்புகிறது. அச்சுரப்பி அட்ரினல் சுரப்பியைத் தூண்ட, கார்டிசால் என்னும் இயக்குநீர் குருதியில் கலக்கிறது. உடல் விழிப்படைகிறது. தேர்வுக்கு முந்தைய நாள் மாணவரைப் படிக்கத் தூண்டுவதும் இவ்விழிப்பே. நெருக்கடி தீர்ந்ததும் கார்டிசால் குறைந்துவிட வேண்டும்.

தீராத கடன், வீட்டில் ஓயாத சண்டை, குடும்பத்தாரின் மதுப்பழக்கம், இடைவிடாத ஏளனம் ஆகியவை இந்த எச்சரிக்கை அடங்குவதற்கு இடமளிப்பதில்லை. 2011 டிசம்பர் 30 அன்று புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்த தானே புயல் போன்ற பேரிடர்கள், வாழ்வாதாரத்தோடு மன அமைதியையும் குலைக்க வல்லவை. நெடுங்காலம் நீடிக்கும் அழுத்தம், நினைவாற்றலுக்கு இன்றியமையாத ஹிப்போகாம்பஸ் பகுதியைப் பாதிக்கிறது. அச்சத்தை உணரும் அமிக்டலாவை எளிதில் தூண்டப்படுவதாக்குகிறது.

மன அழுத்தமும் மனச்சோர்வு நோயும் ஒன்றல்ல. ஆழ்ந்த துயரமோ எதிலும் ஈடுபாடின்மையோ இரண்டு வாரங்களுக்கு மேலாகப் பெரும்பாலான நாள்களில் நீடித்து, உறக்கம், பசி, படிப்பு ஆகியவற்றைக் குலைக்குமானால், அது மருத்துவரை நாட வேண்டிய நிலையாகும்.

தெரிந்து தெளிவோம்

கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக அறிஞர்கள் 2004ஆம் ஆண்டு எலிகளைக் கொண்டு நடத்திய ஆய்வொன்றை வெளியிட்டனர். தாய் எலி மிகுதியாக நக்கிப் பேணிய குட்டிகள், வளர்ந்தபின் அழுத்தத்தை எளிதில் தாங்கின. தாயின் பேணல், மரபணுவின் எழுத்தை மாற்றாமல் அது செயற்படும் அளவை மட்டும் மாற்றியிருந்தது.

மாறவல்ல மூளை

ஆராய்ந்து முடிவெடுக்க உதவும் மூளையின் முன்நெற்றிப் பகுதி, ஏறத்தாழ 25 வயது வரை முதிர்ச்சி அடைந்துகொண்டே இருக்கிறது. மனநோய்களுள் பெரும்பாலானவை தலைகாட்டுவதும் அவ்வயதுக்கு முன்னரே. எனவே, இளமையில் கிடைக்கும் உதவி பெரும்பயன் தரும். பயிற்சிக்கும் அனுபவத்திற்கும் ஏற்பத் தன் இணைப்புகளை மாற்றிக்கொள்ளும் திறன் மூளைக்கு உண்டு. மருந்து, உளவியல் சிகிச்சை, போதிய உறக்கம், உடற்பயிற்சி, நல்லுறவு ஆகியவை பயனளிப்பதற்கு இத்திறன் துணைநிற்கிறது.

அறியாமையின் விலை

2001 ஆகஸ்ட் 6 அன்று, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகள் தங்கவைக்கப்பட்டிருந்த கொட்டகை ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த அவர்களால் தப்பியோட இயலவில்லை. 28 பேர் உயிரிழந்தனர். நாட்டையே உலுக்கியது அந்நிகழ்வு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளிகளைச் சங்கிலியால் பிணைப்பதைத் தடை செய்கிறது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே முதலில் கருதப்பட வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது. தண்டனையின் இடத்தில் பரிவு வைக்கப்பட்டது.

மாற்று வழியைக் காட்டியவர்களும் உளர். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவராக அறியப்படும் சாரதா மேனன், மனச்சிதைவு நோயாளிகளின் மறுவாழ்வுக்கென 1984ஆம் ஆண்டு சென்னையில் ஸ்கார்ஃப் என்னும் அமைப்பை நிறுவினார். நோயாளி மருந்தோடு வேலையும் மதிப்பும் பெற வேண்டும் என்பது அப்பணியின் அடிப்படை.

புதுச்சேரிக்கு இச்செய்தி இன்றியமையாதது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2015ஆம் ஆண்டுப் பதிவின்படி, இலட்சம் பேருக்கு 43.2 என்னும் அளவில், நாட்டிலேயே மிகுதியான தற்கொலை விகிதம் இங்குப் பதிவானது. இவ்விழப்புகள் தடுக்கத்தக்கவை. ஜிப்மர் மருத்துவமனையில் மனநலப் பிரிவு இயங்குகிறது. வில்லியனூர் பகுதியிலுள்ள இராமநாதபுரம் சிற்றூரில் அந்நிறுவனத்தின் ஊரக நல மையமும் உண்டு. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்.

பிறக்கும்போது பெற்ற மரபணுவை எவரும் தேர்ந்தெடுத்ததில்லை. புயலையும் எவரும் அழைத்ததில்லை. எனவே, நோயுற்றவர் வெட்கப்பட ஏதுமில்லை. அவரைச் சூழ்ந்துள்ள வீடும் வகுப்பறையும் ஊரும் மாற்றத்தக்கவை. அம்மாற்றத்தில் மாணவர் ஒவ்வொருவருக்கும் பங்குண்டு.

கற்பவை கற்றபின்

1. மனநோயாளிகளைக் குறிக்க அன்றாடப் பேச்சில் வழங்கும் இழிசொற்களைத் தவிர்த்து, அவற்றுக்கு மாற்றான சொற்களை வகுப்பில் கலந்துரையாடுக.

2. உம் ஊருக்கு அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் கிடைக்கும் மனநல உதவிகளைக் கேட்டறிந்து, பள்ளி அறிவிப்புப் பலகைக்கு ஒரு குறிப்பு எழுதுக.