கிரீம் பூசியும் கரப்பான் ஆறாவிட்டால்

2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தையில் மண் சரிந்தபின், தப்பிய குடும்பங்கள் முதலில் பாடசாலைகளிலும் பிறகு பழைய தேயிலைத் தொழிற்சாலையிலும் தங்கின. 2016 இல் புதிய வீடுகள் கையளிக்கப்படும் வரை பலருக்கு அதுதான் வீடு. அப்படி நெருக்கமாகப் படுத்து எழும் இடத்தில் எல்லா அரிப்பும் ஒரே மாதிரித் தெரியும். எனவே டிஸ்பென்சரியில் தந்த கிரீம் கேட்கவில்லை என்றால், "இதைவிடக் கடுமையானது தாங்க" என்று கேட்கும் முன், "இது கரப்பான்தானா?" என்று கேளுங்கள்.

கரப்பான் (எக்ஸிமா) ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. சிரங்கு தொற்றும். இரவில் அரிப்புக் கூடுகிறதா? விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றிப் பொரிகிறதா? வீட்டில் இன்னொருவரும் சொறிகிறாரா? அப்படியானால் சிரங்காக இருக்கலாம். அதற்கு பெர்மெத்ரின் 5% கிரீமை வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே இரவில் கழுத்திலிருந்து கால் வரை பூசி, காலையில் கழுவி, ஒரு வாரத்தில் மீண்டும் பூச வேண்டும். கைக்குழந்தைகளுக்கு எப்படிப் பூசுவது என்று வைத்தியரிடம் கேளுங்கள். அரிப்பில்லாத தாத்தாவை விட்டுவிட்டால், அவரிடமிருந்தே திரும்பி வரலாம். மருந்து வேலை செய்த பின்னும் அரிப்பு சில வாரம் இருக்கும், பயப்பட வேண்டாம்.

வட்டமாக, ஓரம் சிவந்து பரவினால் அது படர்தாமரை. பெட்னோவேட் போன்ற ஸ்டெரொயிட் கிரீம் முதலில் அரிப்பை அடக்கும், பிறகு படரவிடும்.

கரப்பான்தான் என்று உறுதியானால், பூசும் அளவைப் பாருங்கள். பெரியவரின் சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கிய கிரீம், இரண்டு உள்ளங்கை அளவு தோலுக்குத்தான் போதும். ஒரு டியூப்பை மாதக்கணக்கில் மிச்சம் பிடித்தால் நோய் ஆறாது. வைட் சொஃப்ட் பரஃபின் போன்ற ஈரப்பூச்சைத் தினமும் பல தடவை பூசுங்கள். கொதிக்கக் கொதிக்கக் குளிப்பது தோலை இன்னும் உலர்த்தும். கொழுந்து எடுப்பவருக்கோ உரம் போடுபவருக்கோ கையில் மட்டும் வெடிப்பு என்றால், வேலையில் தொடும் பொருளே காரணமாகலாம். அதை வைத்தியரிடம் சொல்லுங்கள்.

இவ்வளவுக்கும் கேட்காவிட்டால், கொஸ்லந்த வைத்தியசாலையில் கடிதம் வாங்கி, பதுளைப் பெரியாஸ்பத்திரியில் தோல் வைத்திய நிபுணரைக் காணலாம். ஒரு நாள் பேர் போகும்தான். ஆனால் கிரீமுக்கு அப்பாலும் வழி உண்டு: முகத்துக்கும் கண் இமைக்கும் ஏற்ற டக்ரோலிமஸ் களிம்பு, ஒளிச் சிகிச்சை, சைக்ளோஸ்போரின் அல்லது மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை. மாத்திரைகளுக்கு இரத்தப் பரிசோதனை தேவை. கர்ப்பிணிகள் மெத்தோட்ரெக்ஸேட் எடுக்கவே கூடாது. பிரெட்னிசலோன் மாத்திரையைக் கடையில் நீங்களாக வாங்க வேண்டாம்: நிறுத்தியதும் கரப்பான் முன்பைவிட மோசமாகத் திரும்பலாம். பெயர் ஒட்டாத டப்பாக் களிம்பும் வேண்டாம்.

காய்ச்சலோடு கொத்துக் கொத்தாக வலிக்கும் கொப்புளம் வந்தால் கிளினிக் நாள் வரை காத்திராமல் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். போகும்போது கிளினிக் கொப்பியோடு, பூசி முடித்த டியூப்களையும் கொண்டுபோங்கள்.