மடியும் சோர்வும்: நாட்பட்ட அயர்வை மருந்தின்றி ஆற்றுதல் குறித்த தமிழ் மரபுச் சிந்தனைகள் – ஒரகடம் தொழில் வழித்தடத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

நாட்பட்ட அயர்வும் அதனோடு சேர்ந்து வரும் மறதி, கவனச் சிதறல், சிந்தனை மந்தம் ஆகியவையும் பெரும்பாலும் ‘சோம்பல்’ என்றே மதிப்பிடப்படுகின்றன. தொல்காப்பியமும் திருக்குறளும் மடி, சோர்வு, அசைவு ஆகிய சொற்களை வேறுவேறு நிலைகளுக்கு வழங்கியுள்ளன. இவ்வேறுபாட்டை நிறுவி, ‘மருந்து’ அதிகாரமும் சித்த மருத்துவத்தின் வேகக் கோட்பாடும் அயர்வை ஆற்றுவதற்குக் காட்டும் நெறிகளை, படப்பை – ஒரகடம் பகுதியின் முறைப்பணிச் சூழலில் பொருத்திக் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திறவுச்சொற்கள்: மடி, சோர்வு, அசைவு, மெய்ப்பாடு, மருந்து அதிகாரம், பதினான்கு வேகங்கள், இரவுப் பணி, ஒரகடம்.

முன்னுரை

வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் ஒரகடத்தை அடுத்து அமைந்த ஊர் படப்பை. ஏரிப் பாசனத்தைச் சார்ந்திருந்த இச்சுற்றுவட்டாரம் சிப்காட் தொழிற்பூங்காக்களின் வரவால் மாறியது. 2010இல் ரெனோ – நிசான் மகிழுந்து ஆலையும் 2012இல் டைம்லர் வணிக ஊர்தி ஆலையும் ஒரகடத்தில் இயங்கத் தொடங்கின. உழவுத் தொழிலில் வேலையின் அளவைக் கதிரவனும் பருவமும் வரையறுத்தன. ஆலைத் தொழிலில் ஷிப்டு வரையறுக்கிறது. பகல், மாலை, இரவு எனப் பணிமுறை சுழலும்போது உடலின் உறக்கப் பொழுதும் உணவுப் பொழுதும் இடம் மாறுகின்றன.

இம்மாற்றத்தின் விளைவை மக்கள் வழக்கு பல சொற்களால் குறிக்கிறது. ‘அசதியா இருக்கு’, ‘உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு’, ‘தலை பாரமா இருக்கு’, ‘மந்தமா இருக்கு’ என்பன அவற்றுட் சில. இவ்வாறு சொல்பவருக்குக் கிடைக்கும் மறுமொழியோ பெரும்பாலும் ‘சோம்பேறித்தனம்’ என்பதாக உள்ளது. சொல் தவறும்போது நோயின் காரணத்தைத் தேடும் முயற்சியும் தவறிப்போகிறது. எனவே இச்சிக்கல் மருத்துவத்திற்கு மட்டுமன்றிச் சொற்பொருளாய்வுக்கும் உரியதாகிறது.

தொல்காப்பியத்தில் அயர்வு நிலைகள்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அழுகை என்னும் மெய்ப்பாட்டிற்கு நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறது. இளிவு, இழவு, வறுமை ஆகியவற்றோடு அசைவும் அங்கு வைத்து எண்ணப்படுகிறது. ஒருவர் தம் பழைய நிலையை இழந்து வேறொரு நிலையினராய் வருந்துதல் என்னும் பொருளை அசைவுக்குப் பேராசிரியர் உரை தருகிறது. ‘முன்பு செய்த வேலையை இப்போது செய்ய முடியவில்லை’ என்பதே நாட்பட்ட அயர்வு உடையோரின் முதன்மையான முறையீடாகும். அமெரிக்க மருத்துவக் கழகம் 2015இல் நாட்பட்ட அயர்வு நோய்க்கு வகுத்த அடையாளங்களுள்ளும் முந்தைய செயல்திறன் 6 மாதங்களுக்கு மேல் பெரிதும் குன்றியிருத்தல் முதலிடம் பெறுகிறது. பழைய நிலையோடு ஒப்பிட்டே நோயை அறிதல் என்னும் அளவில் இவ்விரண்டும் ஒன்றுபடுகின்றன.

அவ்வியலே துஞ்சல், மடிமை, பொச்சாப்பு ஆகியவற்றையும் மெய்ப்பாடுகளின் மற்றொரு வரிசையில் வைக்கிறது. மெய்ப்பாடு என்பது உள்ள நிகழ்ச்சி மெய்யின்கண் புலப்படுதல். ஆகவே உறக்கமும் மடிமையும் மறதியும் அங்குக் குற்றப் பட்டியலாக அமையாமல், காண்போர் கண்டு உணரத்தக்க நிலைகளாகவே அமைகின்றன.

திருக்குறளில் மடியும் சோர்வும்

மடியைக் குற்றமாகக் கடிவது திருக்குறளின் ‘மடியின்மை’ அதிகாரம் (61). காலம் தாழ்த்தல், மறதி, சோம்பல், தூக்கம் ஆகிய நான்கையும் கெடுவோர் விரும்பி ஏறும் கலமாகக் குறள் 605 உருவகிக்கிறது. மேலோட்டமாக நோக்கின், அயர்ந்திருப்போர் அனைவரையும் இக்குறள் கடிவதாகத் தோன்றும். ஆயின் இரண்டு செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, இவ்வதிகாரம் பரிமேலழகர் வகுப்பில் அரசியலில் இடம்பெறுகிறது. ஆளும் பொறுப்புடையோரை நோக்கிய அறம் அது. இரண்டாவது, அங்குக் கடியப்படுவது விரும்பி மேற்கொள்ளும் மடி. விரும்பாமல் வந்து சேரும் அயர்வு அதனுள் அடங்காது.

சோர்வு என்னும் சொல்லின் ஆட்சி இதனை மேலும் தெளிவாக்குகிறது. இன்று ‘களைப்பு’ என்னும் பொருளில் வழங்கும் இச்சொல், குறளில் பெரும்பாலும் கவனம் நழுவுதலைக் குறிக்கிறது. மகிழ்ச்சி மிகுதியால் வரும் மறதி (531), சொல்லில் நேரும் வழுவுதல் (642), ஒற்றனிடம் இருக்கக் கூடாத தளர்வு (586) ஆகிய இடங்களில் இப்பொருளைக் காணலாம். ஆங்கிலத்தில் பிரெயின் ஃபாக் எனப்படும் சிந்தனை மந்தமும் உடல் களைப்பும் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருப்பது தமிழின் தனிச்சிறப்பு.

கள்ளுண்டவரின் நிலையையும் குறள் சோர்வு என்றே சுட்டுகிறது (930). 1997இல் நேச்சர் இதழில் ட்ரூ டாசன், கேத்ரின் ரீட் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இங்கு ஒப்புநோக்கத்தக்கது. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், குருதியில் 0.05 விழுக்காடு மது உள்ளவரின் செயல்திறன் அளவுக்குக் குறைவதை அவ்வாய்வு காட்டியது. உறக்கமிழந்தவரும் மதுவுண்டவரும் ஒரே வகைச் சோர்வுக்கு ஆட்படுகின்றனர்.

சோர்வின் காரணத்தைக் குணத்திற்கு வெளியே காட்டும் சான்றுகளை ‘நல்குரவு’ அதிகாரம் (105) வழங்குகிறது. நற்குடிப் பிறந்தாரிடத்தும் இழிசொல் பிறக்கக் காரணமாகும் சோர்வை வறுமை தரும் என்கிறது குறள் 1044. நெருப்பினுள்ளும் உறங்க இயலும், வறுமையினுள் கண் மூடல் அரிது என்கிறது குறள் 1049. 61ஆம் அதிகாரத்தில் கடியப்பட்ட துயில், 105ஆம் அதிகாரத்தில் கிட்டாத பேறாகிறது. ஆள்வோரின் துயிலையும் வறியோரின் துயிலின்மையையும் வள்ளுவர் ஒரே அளவுகோலால் அளக்கவில்லை. 61ஆம் அதிகாரத்தை மட்டும் கொண்டு தொழிலாளியின் அயர்வை எடைபோடுவது குறளை அரைகுறையாகப் படிப்பதாகும்.

மருந்து அதிகாரம் காட்டும் நெறி

‘மருந்து’ அதிகாரத்தில் (95) எந்த ஒரு மருந்தின் பெயரும் இடம்பெறவில்லை. வளி முதலிய மூன்றின் மிகுதி, குறைவுகளைச் சொல்லித் தொடங்கி, அடுத்த ஆறு குறள்களில் செரித்தபின் உண்ணுதல், அளவறிதல், ஒவ்வாதன விலக்கல், நன்கு பசித்து உண்ணுதல் ஆகியவற்றையே வள்ளுவர் பேசுகிறார். முன்னுண்டது செரித்ததை அறிந்து உண்பவருக்கு மருந்தே வேண்டா என்பது குறள் 942இன் கருத்து. வயிற்றின் செரியாமையையும் அறிவின் மழுங்கலையும் ‘மந்தம்’ என்னும் ஒரே சொல்லால் குறிக்கும் மக்கள் வழக்கு இதனோடு இயைகிறது. இரவுப் பணியின் நடுவே வயிறு நிறைய உண்பதைத் தவிர்த்து, பணிக்கு முன் முதன்மை உணவும் இடையில் எளிய உணவும் கொள்வது இந்நெறிக்குப் பொருந்தும்.

ஆயினும் ‘மருந்து வேண்டா’ என்பது ‘மருத்துவர் வேண்டா’ என்பதாகாது. நோயையும் அதன் முதலையும் நாட வேண்டும் என்கிறது குறள் 948. அயர்வின் பின்னால் குருதிச்சோகை, தைராய்டுச் சுரப்புக் குறை, நீரிழிவு, பி12 உயிர்ச்சத்துக் குறை, மனச்சோர்வு, உறக்கத்தில் மூச்சு தடைப்படல் ஆகியவை இருக்கக்கூடும். 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுடைய பெண்களுள் 57 விழுக்காட்டினர் குருதிச்சோகை உடையோர். முதல் நாடாமல் மேற்கொள்ளும் எந்த ஒழுக்கமும் இவர்களுக்குப் போதாது. மருத்துவர் முன்பே தந்துள்ள மருந்தைத் தாமாக நிறுத்துவதற்கும் இவ்வதிகாரத்தில் இடமில்லை.

குறள் 949 நோயாளியின் அளவு, நோயின் அளவு, காலம் என மூன்றைக் கருதச் சொல்கிறது. இதன் பயன் நடைமுறையில் பெரிது. பொதுவான களைப்புக்கு நடையும் உடற்பயிற்சியும் உதவும். ஆனால் சிறு உழைப்புக்குப் பின்னும் நிலை மோசமடையும் நாட்பட்ட அயர்வு நோய்க்கு அதுவே கேடாகலாம். பிரித்தானியாவின் நைஸ் அமைப்பு 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டும் முறையை இந்நோய்க்குப் பரிந்துரைக்க மறுத்து, உள்ள ஆற்றலின் எல்லைக்குள் வேலையையும் ஓய்வையும் பகிர்ந்து கொள்ளும் முறையை வலியுறுத்தியது. ‘அளவு’ என்னும் குறட்சொல் இங்கு உயிர்ப்புடன் நிற்கிறது.

பதினான்கு வேகங்கள்

அடக்கக் கூடாத உடல் வேகங்கள் பதினான்கு எனச் சித்த மருத்துவம் வகுக்கிறது. பசி, நீர்வேட்கை, சிறுநீர், மலம், கொட்டாவி ஆகியவற்றோடு உறக்கமும் இளைப்பும் அப்பட்டியலில் உள்ளன. இளைப்பு அடக்கப்பட வேண்டிய பலவீனமாகக் கருதப்படாமல், பசியைப் போலவே விடையளிக்கப்பட வேண்டிய உடலின் அழைப்பாகக் கருதப்பட்டது. நகரும் உற்பத்தி வரிசையின் முன் நிற்பவர் இவற்றுள் பலவற்றை ஒரே பணிமுறையில் அடக்க நேர்கிறது.

தேநீர் இவ்வடக்கலுக்குத் துணைபோகிறது. அதிலுள்ள காஃபீன் பாதியளவு குறையவே ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும். விடியற்காலை 4 மணிக்கு அருந்திய தேநீர் காலை 9 மணி உறக்கத்தைக் கலைக்க வல்லது. உணவோடு அருந்தும் தேநீர் இரும்புச்சத்து உடலில் சேர்வதையும் குறைக்கும். எனவே இரவின் முற்பகுதியோடு தேநீரை நிறுத்துதல், உறங்கும் அறையை இருளாக்கிப் பேசியை அகற்றுதல், உறக்கப் பொழுதை இயன்றவரை மாற்றாமல் காத்தல், செய்ய வேண்டியவற்றை எழுதி வைத்து மறதிக்கு ஈடு செய்தல் ஆகியன மருந்தில்லா வழிகளாகும்.

உழைச்செல்வானும் சூழலும்

இவ்வழிகள் அனைத்தையும் தனியொருவர் பொறுப்பாக்கிவிடின் மீண்டும் ‘மடி’ என்னும் பழி திரும்பும். வெவ்வேறு பணிமுறையினர் ஒரே வாடகை அறையைப் பகிரும்போது இருளும் அமைதியும் ஒருவர் விருப்பத்தால் மட்டும் அமையா. மருத்துவத்திற்கு நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு நான்காம் உறுப்பாக உழைச்செல்வானையும் குறள் 950 சேர்ப்பது இங்குப் பொருள் பெறுகிறது. அறைத் தோழரும் இல்லத்தாரும் மேற்பார்வையாளரும் அவ்விடத்திற்கு உரியோர்.

காலத்தைக் காப்பது சட்டத்தின் பணியுமாகும். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் வாரத்திற்கு 48 மணி நேரம் என்னும் எல்லையையும், 5 மணி நேர வேலைக்குள் அரைமணி இடைவேளையையும் வரையறுத்தது. 12 மணி நேர வேலைக்கு இடந்தரும் திருத்த முன்வடிவு 2023 ஏப்ரல் 21 அன்று தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறி, தொழிற்சங்க எதிர்ப்பிற்குப் பின் கைவிடப்பட்டது. அயர்வின் முதல் நாடும் முயற்சியில் பணிநேரமும் ஆராயப்பட வேண்டும் என்பதை அந்நிகழ்வு உணர்த்தியது.

முடிவுரை

மடி விரும்பி மேற்கொள்வது; சோர்வு காரணத்தால் வருவது; அசைவு பழைய நிலையை இழந்து வருந்துவது. தமிழ் மரபு பிரித்தே வைத்த இச்சொற்களைக் கலப்பதால் நோயாளி குற்றவாளியாகிறார். முதல் நாடல், அளவறிதல், காலம் காத்தல், வேகங்களை அடக்காமை, உழைச்செல்வாரின் துணை ஆகிய ஐந்தும் மருந்தில்லா ஆற்றுதலுக்கு மரபு தரும் நெறிகள். இவற்றுள் எதுவும் அயர்ந்தவரைச் சோம்பேறி என்று அழைத்தபின் தொடங்க இயலாது. முறைப்பணித் தொழிலாளரின் அயர்வுச் சொற்களை வட்டார வழக்கு நோக்கில் தொகுத்து ஆராய்வது தமிழியலுக்கும் தொழில்சார் மருத்துவத்திற்கும் ஒருங்கே பயன்தரும் அடுத்த ஆய்வுக்களமாக அமையும்.